பத்து எழுத்துக்குக் குறைந்தவை

பத்து எழுத்துக்குக் குறைவான கருத்துகள் தானாகக் குப்பைக்குப் போய்விடும். அந்த விதியை எழுதியவளே அவள்தான். வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்த் தரும் செயலியில் வாடிக்கையாளர் கருத்துப் பக்கம் அவள் பொறுப்பு. 'ம்', 'சரி' எல்லாம் படித்து ஆகப்போவதென்ன என்று அப்போது நினைத்திருந்தாள்.

மேலாளர் ஒரு தாளை நீட்டினார். "இந்த டெலிவரிக்காரரை நிறுத்திடலாம்மா. ஒரே வீட்டுல தினமும் கால் மணி நேரம் தாமதம். பாராட்டி ஒரு வரிகூட வரல. கையெழுத்துப் போடு."

"குப்பையையும் ஒரு தடவை பார்த்துடறேன் சார்."

"கோழிதான் குப்பையைக் கிளறும்."

"குண்டுமணி அங்கதானே சார் கிடக்கும்."

கிளறினாள். அந்த வீட்டிலிருந்து நானூற்றுப் பதினோரு கருத்துகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புள்ளி. மருந்து போய்ச் சேர்ந்து இருபது நிமிடம் கழித்து, ஒருநாள் தவறாமல்.

அந்த வீட்டுக்குப் போன் செய்தாள். ஒரு பெண்மணி எடுத்தார்.

"தொந்தரவா இருந்துச்சாம்மா? மன்னிச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு விரல் மட்டும்தான் அசையும். நன்றி எழுதணும்னு ஆரம்பிப்பாரு. ஒரு புள்ளியிலேயே விரல் ஓஞ்சுபோயிடும். நான் எழுதறேன்னா விடமாட்டாரு."

"எதுக்கும்மா நன்றி?"

"முன்னாடி வந்தவங்க வாசல்ல வச்சுட்டுப் போயிடுவாங்க. இந்தத் தம்பி உள்ள வந்து, அவரைப் புரட்டிப் படுக்க வச்சுட்டுத்தான் போகும். என் ஒருத்தியால முடியல. அதுக்கப்புறம் முதுகுல ஒரு புண்ணு வரலம்மா."

போனை வைத்தாள். திரையில் அந்தப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின. மேசைக்கு அடியில், தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டாள். கடவுள் எழுத்தை எண்ணிப் படிப்பதில்லை, தான்தான் எண்ணியிருக்கிறோம்.

விஷயத்தைக் கேட்ட மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு தாளை நான்காகக் கிழித்து, "அந்த வீட்டுக்கு மட்டும் நேரத்துல கால் மணி கூட்டிப் போட்டுடு" என்றார்.

அன்று மாலைக்குள் அவள் பத்தெழுத்து விதியை எடுத்தாள். திரை முழுவதையும் அடைக்கும் 'நன்றி' என்ற பொத்தான் ஒன்று வைத்தாள். எங்கே விரல் பட்டாலும் போதும்; கருத்து எழுதும் பெட்டி அதற்குப் பிறகுதான் வரும். அது நேரே டெலிவரிக்காரரின் போனுக்குப் போய்விடும்.

மறுநாள் அந்த வீட்டிலிருந்து பொத்தான் அழுத்தப்பட்டது. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

இருபது நிமிடம் கழித்து, புள்ளியும் வந்தது.