கேட்காமல் வைத்தது

"உள்ள காப்பர்-டி இருக்குதே, உங்களுக்குத் தெரியாதா?"

ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி டாக்டரம்மா கேட்டபோது புஷ்பலதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்படின்னா என்னங்க?" என்றாள்.

மகள் பிறந்து நான்கு வருஷமாகியும் அடுத்தது ஏன் தங்கவில்லை என்று பார்க்கத்தான் மஞ்சக்குட்டையிலிருந்து கணவன் பிரபாகரோடு ஏற்காட்டுக்கு வந்திருந்தாள். "உன்னோட வயிறு வத்திப்போச்சு" என்று மாமியார் வெள்ளையம்மாள் மிளகு பறிக்கிற இடத்தில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தாள். புஷ்பலதா கண்ட வேரையெல்லாம் அரைத்துக் குடித்தாள். சேர்வராயன் கோயிலுக்கு வெறுங்காலில் ஏறினாள்.

"கருப்பைக்குள்ள வைக்கிற சின்னக் கருவிம்மா. செம்புக் கம்பி சுத்தியிருக்கும். அந்தச் செம்பு விந்தணுவை முட்டைகிட்டப் போய்ச் சேரவிடாது, அதனால கரு உண்டாகாது. எடுத்துட்டா மறுபடி உண்டாகும். உங்க உடம்புல ஒரு குறையும் இல்லை. பிரசவம் ஆனதும் வச்சிருப்பாங்க. உங்களைக் கேட்கலையா?"

"என்னைய ஒருத்தரும் கேக்கலைங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். பிரபாகர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"நர்சு கேட்டாங்க, சரின்னு தலையாட்டிட்டேன். நீ அசந்து கெடந்த. அப்பறம் அம்மா பேச ஆரம்பிச்சதும்... எப்படிச் சொல்றதுன்னு..."

கோயிலுக்குத் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறிய மனுஷன். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இப்பவே எடுத்துருங்க டாக்டர்" என்றான் அவசரமாக.

"வாய மூடு!" கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அப்படிப் பேசியதில்லை. "வெக்கச் சொன்னதும் நீ, எடுக்கச் சொல்றதும் நீயா? வயிறு யாருது?"

டாக்டரம்மா அவனை வெளியே அனுப்பினார்.

"இது இருந்தா கெடுதலுங்களா?"

"இல்லம்மா. இன்னும் சில வருஷம் வேலை செய்யும். நீங்க எப்பச் சொன்னாலும் எடுத்துடலாம்."

"அப்ப இருக்கட்டுங்க. கேக்காம வச்சதுக்கு எங்க புகார் குடுக்கணும், அதைச் சொல்லுங்க."

ஜீப்பில் ஊர் திரும்பினார்கள். வாசலில் காபிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்த வெள்ளையம்மாள், "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"உங்க மகனே சொல்லுவாருங்க அத்தை."

அவன் மென்று விழுங்கினான். கடைசி வார்த்தையையும் அவன் சொல்லி முடிக்கும்வரை புஷ்பலதா நகரவில்லை.

வெள்ளையம்மாள் மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போனது போகட்டும். நாளைக்கே போயி எடுத்துட்டு வந்துரு கண்ணு" என்றாள்.

இத்தனை நாள் வராத 'கண்ணு'! புஷ்பலதாவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

"நாளைக்கும் போகமாட்டேன், நாளான்னைக்கும் போகமாட்டேன். புள்ள வேணும்னு எனக்குத் தோணுறப்ப நானே போய்க்கறேன். அதுவரைக்கும் இந்த ஊட்ல எவரும் என் வயித்தப் பத்திப் பேசப்படாது."

திங்கட்கிழமை, டாக்டரம்மா சொன்னபடி, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்குப் புகார் கொடுக்கக் கிளம்பினாள். கூட வருகிறேன் என்று பிரபாகர் சட்டையை மாட்டினான். வேண்டாம் என்றாள். மகளைப் பால்வாடியில் விடச் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள்.