ஆளுக்கு ஒன்று

நல்லது நடக்கும் என்று நம்பித்தான் ஜோசபின் அந்த விதியை எழுதினாள். பசுமலையைத் தாண்டி இருந்த பல்கலைக்கழகத்தில் அவள் நூலகர். அங்கே விடுதிப் பக்கம் திரிந்த மூன்று நாய்களில் ஒன்று தபால்காரரைக் கடித்துவிட, எல்லாவற்றையும் விரட்டிவிட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. இதற்காகப் போட்ட குழுவில் அவளும் இருந்தாள்.

"விரட்டுனா வேற நாய் வரும் சார். ஊசி போட்டு, ஆளுக்கு ஒண்ணாப் பொறுப்பு ஏத்துக்கச் சொன்னா என்ன?" என்று கேட்டது அவள்தான். ஒருவர் ஒன்றுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று சேர்த்ததும் அவளே. பாவம் பார்த்து நாலைந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு எதையுமே கவனிக்காமல் போகிறவர்களை அவளுக்குத் தெரியும். பொறுப்பாளர் இல்லாத பிராணி வளாகத்திலிருந்து அகற்றப்படும் என்று கடைசியில் ஒரு வரியைப் பதிவாளர் ராயப்பன் போட்டார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாணவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். பரோட்டா என்ற நாயை பிருந்தா எடுத்துக்கொண்டாள், காது மடங்கிய குட்டை நாய் ஜிகிரை ஷ்யாம். எத்தனை தடவை விரட்டினாலும் போகாமல் கிடந்ததால் அரியர் என்று பெயர் வாங்கிய கிழட்டு நாயை ஹரிஷங்கர் ஏற்றான். ஊசி போட்டார்கள், கழுத்தில் பட்டை கட்டினார்கள். படிப்பு முடிகிறவரை ஒரு குறையும் இல்லை.

ஏப்ரலில் மூவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். வேகவைத்த கோழிக்காலைச் சோற்றில் பிசைந்து தூக்குவாளியில் கொண்டுவந்து வைப்பது ஜோசபினின் வேலையாயிற்று. மே மாதம் அட்மிஷனுக்கு வந்த ஒரு தகப்பனார், மகளை நாய் துரத்தியதாகப் புகார் கொடுத்தார். ராயப்பன் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"பொறுப்பாளர் மூணு பேருமே இப்ப இங்க இல்லையே, மேடம்."

"நான் ஏத்துக்கிறேன் சார். மூணையும்."

"ஒருத்தருக்கு ஒண்ணுன்னு நீங்கதான எழுதுனீங்க?" அவர் குரலில் குத்தல் ஏதுமில்லை. "எனக்கு மட்டும் ஆசையா? நாளைக்கு ஒரு பிள்ளையைக் கடிச்சா யார் பதில் சொல்றது? ஒண்ண வச்சுக்கங்க. மத்ததுக்கு வேற ஆளு இருந்தா இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க."

பிருந்தா போனிலேயே அழுதாள். "அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறாரு மேம். நான் என்ன செய்ய?" ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஷ்யாம், அடுத்த மாசம் கட்டாயம் வாரேன் என்றான், அதன் பிறகு போனை எடுக்கவில்லை. ஹரிஷங்கரின் எண் உபயோகத்தில் இல்லை. உடன் வேலை பார்ப்பவர்களைக் கேட்டாள். விடுமுறை, ஊருக்குப் போகணும், வீட்டில் குழந்தை இருக்கு என்றார்கள். ஒன்றும் பொய்யில்லை. தல்லாகுளத்தில் அவளும் தங்கை ஜாய்ஸும் இருந்தது மாடி வீடு. ஜாய்ஸுக்கு இழுப்பு. பூனை முடி பட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அரியரின் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள். சின்ன நாய்களையாவது யாரேனும் கேட்பார்கள், இதை யார் கேட்பார்கள் என்று தோன்றியது. ஆனால் சின்ன நாய்களையும் யாரும் கேட்கவில்லை.

வாரம் முடிந்ததும் நாய் பிடிக்கிற வண்டி காலையிலேயே வந்துவிட்டது. வலையைக் கண்டதும் இரண்டும் மெஸ்ஸுக்குப் பின்னால் விறகுக் குவியலுக்குள் போய்ப் புகுந்துகொண்டன. வாசல் காவலர் வீரணன் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"மேடம், நீங்க கூப்பிட்டா வந்துரும். இவங்க குச்சிய விட்டுக் குத்துனா கால் கை ஒடிஞ்சிரும்."

"நான் எப்பிடிண்ணே கூப்பிடுவேன்?"

கம்பு விறகுக்குள் இறங்கியதும் உள்ளே ஜிகிர் ஊளையிட்டது. ஜோசபின் தூக்குவாளியைத் திறந்தாள். "பரோட்டா, வாடா. ஜிகிரு, வா." பரோட்டா முதலில் வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு. ஜிகிர் அதன் பின்னாலேயே வந்தது. சோற்றில் வாய் வைத்ததும் வலை விழுந்தது. இதையெல்லாம் மரத்தடியில் படுத்தபடி அரியர் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் கூப்பிட்டபோது அரியர் எழுந்து எதிர்ப்பக்கமாகப் போனது. சோற்றை வைத்துவிட்டு அவள் நூலகத்துக்குள் போன பிறகுதான் தின்றது. மழைக்காலம் தொடங்கியும் அது மாறவில்லை.

நாய்களைக் கொண்டுபோன காப்பகம் வாடிப்பட்டி போகிற சாலையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போனாள். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கூண்டுகள். அங்கே நாய்களைப் பராமரிக்கிற ஒச்சம்மாள் அவளை உள்ளே கூட்டிப்போனாள்.

"காது மடங்குன குட்டையா? அது போன மாசமே போயிருச்சு தாயி. வயித்தால போச்சு, நிக்கல. இந்தா இருக்கு பாருங்க, மத்தது."

கூட்டத்துக்குள்ளிருந்து பரோட்டா முண்டியடித்து வந்தது. விலா எலும்பு தெரிந்தது. கம்பி வலையில் முகத்தை அழுத்தி, அவள் விரல்களை நக்கியது. உடம்பெல்லாம் ஆடியது. அவள்மேல் அதற்குக் கோபமே இல்லை. அதுதான் ஜோசபினுக்குத் தாங்கவில்லை.

"கூட்டிட்டுப் போறீகளா?" என்றாள் ஒச்சம்மாள்.

"முடியாதும்மா. வீட்ல..."

கைகளை மெல்ல இழுத்துக்கொண்டு, "வாரேன்டா" என்றாள். பஸ்ஸில் வரும்போதே தெரிந்துவிட்டது, இனி அங்கே போகத் தன்னால் முடியாதென்று. போகவும் இல்லை.