வருஷச் சந்தா

பெட்டியை உள்ளே கொண்டுவருவதற்கு முன்னால் சோப்புப் பெட்டிகளை வெளியே எடுக்கவேண்டியிருந்தது. நடை முழுக்க இரண்டு பக்கமும் அட்டைப் பெட்டிகள். சோப்பு, பற்பசை, துணி துவைக்கும் தூள், சவர பிளேடு. நாலு ஆண்கள் அவற்றைத் தூக்கி வாசலில் அடுக்கினார்கள். அழ வந்தவர்கள்கூட அடுக்கின் உயரத்தை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டுத்தான் அழுதார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு எங்கள் தெரு வைத்த பேர் ‘டஜன்’. ஒன்று வாங்கும் இடத்தில் அவள் பன்னிரண்டு வாங்குவாள். பேப்பர்காரருக்கு வருஷத்துக்குச் சேர்த்துத்தான் கொடுப்பாள், கேபிளுக்கும் அப்படியே. “மொத்தமா எடுத்தாத்தான் லாபம்” என்ற வாசகத்தை அவள் வாயிலிருந்து கேட்காத கடைக்காரர் இந்தப் பக்கத்தில் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சில்லறையாக வாங்கிய ஒரே சாமான் தாலி... என்று சொல்லிச் சிரித்தவர்களில் அவள் புருஷனும் ஒருவர். இப்போது அவர் கூடத்தில் படுத்திருந்தார், பெட்டிக்குள்.

டஜன் அழவில்லை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே கதையைப் புதுசாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் எங்க ரெண்டு பேர்கிட்டதான் சொன்னாரு. மூணு மாசம் தாங்குனா அதிகம்னாரு. நாங்க அண்ணன்கிட்ட மூச்சு விடலையே! வயித்துப் புண்ணுன்னே சொல்லிட்டோம். கடைசி வரைக்கும் தெரியாது அதுக்கு. அந்த மட்டும் நிம்மதியாப் போச்சு. என்ன அண்ணி?”

“ஆமா” என்றாள் டஜன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த சாமர்த்தியத்தில் நாத்தனாருக்குக் கொஞ்சம் பெருமைகூட. டஜனுக்கு அந்தச் சோறுதான் இரண்டு மாசமாகத் தொண்டைக்குள் இறங்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்ததா என்பது அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆளும் பெட்டிக்குள் இருந்தார்.

பின்னறையில் ஏதோ டிங் என்றது. சாப்பாட்டு மேசைமேல் அவருடைய லேப்டாப். போன ஞாயிற்றுக்கிழமை திறந்தது, யாரும் மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அந்த மேசையில்தான் கூத்து நடக்கும். தையல்காரரும் டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மாவும் வந்துவிடுவார்கள். பகடை உருட்டுவார்கள். விளையாட்டில் தையல்காரர் ஒரு குள்ள மந்திரவாதி, டீச்சரம்மா ஒரு திருடி. காடு, கோட்டை, குகை என்று மெக்கானிக் கதை நடத்துவார், அதற்குள் இவர்கள் போய் அடிபட்டு வருவார்கள். ஐம்பது வயசுக்காரர்கள் “நான் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன்” என்று கத்துவது தெருவுக்கே கேட்கும். முதலில் எல்லாம் காகிதத்தில்தான் இருந்தது. பிறகு மெக்கானிக் ஒரு சந்தாவைக் கண்டுபிடித்தார். பணம் கட்டினால் வரைபடம், விதிப் புத்தகம் எல்லாம் கம்ப்யூட்டரில் திறக்கும்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், ஞாயிறு காலை. டஜன் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா, இது காசு கொடுத்து வாங்குற அளவுக்கு வொர்த்தா? மாசச் சந்தாவும் இருக்கு, வருஷச் சந்தாவும் இருக்கு. வருஷத்துக்குக் கட்டினா ரெண்டு மாசம் சும்மா கிடைக்கும்.”

“வருஷத்துக்கு எதுக்கு? மாசத்துக்குக் கட்டுங்க, போதும்.”

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அதன் கைகளை மடிக்கும்போதுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமில்லை, ஒரு சட்டை மடிக்கிற நேரம். பிறகு “சரி” என்று பொத்தானைத் தட்டினார். “புண்ணு மாத்திரைக்கு நேரமாச்சு பாரு. தண்ணி கொண்டா.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் கேட்டு வாங்கினார். “புண்ணு ஆறிட்டு வருது, இல்ல?” என்று அவளிடம் சொல்லுவார். அவளும் “ஆமா, முகத்துலயே தெரியுது” என்பாள்.

தையல்காரரும் டீச்சரம்மாவும் கூடத்தில் கும்பிட்டுவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல், பழக்கத்தில் பின்னறைக்குப் போய்த் தங்கள் தங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். டஜன் டீத் தட்டோடு போனபோது தாழ்ந்த குரலில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

“பேப்பரும் பென்சிலும் போதும்னு நான் அப்பவே சொன்னேன்” என்றாள் டீச்சரம்மா. “மாசாமாசம் தண்டம்.”

“உனக்கென்னம்மா தெரியும்? அந்தப் படத்துல மூடுபனி இருந்துச்சே, நாம நடக்க நடக்க விலகுமே, அது பேப்பர்ல வருமா? கொடுத்த காசு தகும்.”

“எங்க தகுது? கதையையே முடிக்கலையே. மனுஷன் ரெண்டு வருஷத்துக்குக் கதை வச்சிருந்தாரு. மலைக்கு அந்தப் பக்கம் ஏழு ஊரு, அப்புறம் கடலுன்னாரு. சந்தா எடுத்தாரு பாருங்க, அன்னைக்கு மத்தியானமே ‘கதையச் சுருக்கிட்டேன், ரெண்டு மாசத்துல முடிச்சிடலாம்’னுட்டாரு. காசு கட்டிட்டு எவனாவது கதையைச் சுருக்குவானா?”

டஜன் தட்டோடு மேசைக்குக் கிட்டே வந்தாள்.

“எப்ப சொன்னாரு?” என்றாள் டஜன்.

இருவரும் எழுந்து நின்றார்கள்.

“சந்தா எடுத்த அன்னைக்குத்தான்க்கா. நல்லா ஞாபகம் இருக்கு. ஏன் சார்னு நான்கூட சண்டை போட்டேன். லிஃப்டுல எத்தனை பேர் ஏறலாம்னு பலகை மாட்டியிருக்கும்மா, பார்த்துட்டப்புறம் அதுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னாரு. அவரு எப்பவும் அப்படித்தான், எதையாவது சொல்லுவாரு.”

“சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, தங்கச்சி” என்றார் தையல்காரர், எதற்கு என்று தெரியாமலேயே சமாதானமாக. “போன ஞாயிறோட முடியவேண்டியது. மலைவாசல் வரைக்கும் வந்துட்டோம். இருமல் வந்துடுச்சு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னோம். பகடைய எடுத்து வச்சுட்டாரு.”

டஜன் தட்டை மேசையில் வைத்தாள். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எட்டு வாரம். கூடத்தில் அவர், சமையலறையில் அவள், நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் இவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று இனிமேல் யாரிடம் கேட்பது? வயிற்றுப் புண் வேஷத்தை அவர் ஒருநாளும் கலைக்கவில்லை. வேஷம் கட்டுவதில் அவர் கெட்டிக்காரர் என்று தெருவே சொல்லும். எதிரில் நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியவில்லை.

லேப்டாப் மறுபடியும் டிங் என்றது. டீச்சரம்மா தயங்கித் தயங்கிக் குனிந்து படித்தாள்.

“நீங்கள் கேட்டுக்கொண்டபடி இன்றுடன் சந்தா நிறுத்தப்படுகிறது.” நிமிர்ந்தாள். “அவரே நிறுத்தச் சொல்லிட்டாராக்கா? அப்போ படமெல்லாம் பூட்டிக்கும்.”

“தொடரணும்னா என்ன பண்ணணும்?”

“வேணாம்க்கா, இந்த நேரத்துல போய்... நாங்க ஒண்ணும் கேக்கல.”

“என்ன பண்ணணும்னு சொல்லு.”

திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. ஒன்றில் மாசம், இன்னொன்றில் வருஷம். டஜன் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

“மாசத்துக்கே எடுங்கக்கா, அது போதும்” என்றாள் டீச்சரம்மா.

டஜன் தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள். கதவிடுக்கில் பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது.

“மாசத்துக்கெல்லாம் வேணாம்!” என்றாள். கூடத்துக்குக் கேட்கும்படி, வாசலுக்கே கேட்கும்படி. “வருஷத்துக்கு எடுங்க. வருஷத்துக்கு எடுத்தாத்தான் லாபம்!”

நாத்தனார் கதவருகில் வந்து எட்டிப் பார்த்தாள். இன்றைக்குமா என்ற அந்த முகத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பை மறைக்க.

டஜன் கொஞ்ச நேரம் கூடத்தின் பக்கமே காதை வைத்திருந்தாள். பிறகு பொத்தானைத் தட்டினாள். திரையில் மலை வந்தது. மலைவாசலில் குள்ள மந்திரவாதியும் திருடியும் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்கு அப்பால் எல்லாம் சாம்பல் நிறம்.

நாலு மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். வண்டி முனை திரும்பியதும் அந்த நாலு பேரில் மிஞ்சியிருந்த இரண்டு பேர், மழை வரும்போலிருக்கிறது என்று வாசலில் கிடந்த அட்டைப் பெட்டிகளை உள்ளே கொண்டுவந்தார்கள்.

“இத எங்கம்மா வைக்கறது?” என்றார் ஒருவர். அவர் கையில் இருந்தது சவர பிளேடுப் பெட்டி. பன்னிரண்டில் ஒரு பாக்கெட்டுதான் பிரித்திருந்தது.

“பழைய இடத்துலயே வைங்க” என்றாள் டஜன்.