ஒன்பதாம் குழியில் ரப்பர் பாம்பு

அந்த மூன்று பேரைப் பார்த்தால் சின்னக்குழந்தைக்குச் சிரிப்பு வராது. சிரிப்பதற்கும் ஆளுக்கு ஒரு தகுதி வேண்டும் என்பது அவள் கணக்கு. பேர்தான் அப்படி, ஆள் குடும்பக்காரி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலூரிலிருந்து கார் மலையேறி வந்து நிற்கும். முதலில் இறங்குகிறவன் ராஜ்குமார். இந்த இடம் அவனுடையது. கீழே மூன்று கல்யாண மண்டபம் வைத்திருக்கிறான். அடுத்தவன் சிவசங்கர், டைல்ஸ் கடைக்காரன். கடைசியாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டர் கிருஷ்ணன். சாமை விளைந்த நிலத்தில் புல் போட்டு, ஒன்பது குழி வெட்டி, குழிக்கொரு கொடி நட்டு, அதைக் கோல்ஃப் மைதானம் என்கிறார்கள். திங்கள் முதல் சனி வரை சின்னக்குழந்தை அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விடுவாள், மிஷின் தள்ளி வெட்டுவாள். ஞாயிறன்று ராஜ்குமாரின் மட்டைப் பையைத் தூக்குவாள்.

இது மூன்றாவது வருஷம். அவர்களுக்குக் கோல்ஃபே பிடிக்காது என்பது முதல் மாதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெயிலில் நடப்பதும் பிடிக்காது. பிடித்ததெல்லாம் ஆட்டத்தின் பக்கவாட்டில் ஒட்டவைத்திருந்த சில்லறை ஆட்டங்கள்தான்.

"சும்மா பந்தை அடிச்சா அது வாக்கிங்டா" என்பான் சிவசங்கர். "சைடு கேம் இருந்தாத்தான் உப்பு ஒறைப்பு."

அதில் ஒன்று பட்டை. அடித்த பந்து மரத்தில் பட்டுத் தெறித்த பிறகும், அந்தக் குழிக்கு விதித்த அடி எண்ணிக்கைக்குள் முடித்துவிட்டால் ஒரு புள்ளி. இன்னொன்று பாம்பு. குழியைச் சுற்றி மழமழவென்று வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். பந்து அங்கே வந்துவிட்டால் இரண்டு உருட்டில் குழிக்குள் போக வேண்டும். மூன்றாவது உருட்டு தேவைப்பட்டவன் பாம்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்து எவன் மூன்று உருட்டு உருட்டுகிறானோ, அவனுக்கு அது கைமாறும். ஒன்பதாவது குழி முடியும்போது பாம்பு யாரிடம் இருக்கிறதோ அவன் தோற்றவன். மற்றவர்கள் சொன்னதைச் செய்ய வேண்டும். பாம்பு என்றால் பொம்மைக் கடையில் வாங்கிய பச்சை ரப்பர் பாம்பு. ஐம்பது வயதைத் தொட்டவர்கள், ஆளுக்கொரு கம்பெனி தொப்பி வைத்தவர்கள், அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். ஒருவன் உருட்டக் குனியும்போது மற்றவன் தொண்டையைக் கனைப்பான். புதருக்குள் விழுந்த பந்தை ஷூ நுனியால் வெளியே தள்ளுவதில் ராஜ்குமாருக்கு இணை கிடையாது. ஏழு அடி அடித்துவிட்டு "அஞ்சு" என்பான். சின்னக்குழந்தை ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளை யாரும் கேட்டதும் இல்லை.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். கிரீனில் நின்று ராஜ்குமார் கேட்பான்: "எந்தப் பக்கம் ஓடும்?"

அவள் சொல்வாள். சொன்னபடிதான் ஓடும். தினமும் தண்ணீர் விடுகிறவளுக்கு, எந்தத் தரை எந்தப் பக்கம் வாங்கும் என்று தெரியாதா?

அன்று நான்காவது குழியில் ராஜ்குமாரின் பந்து புளியமரத்தில் மோதி, வந்த வழியே திரும்பி, அவன் காலடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

"நாளைக்குக் காலையில இந்தச் சனியன் இருக்காது" என்றான். "சந்தவாசல் அர்ச்சுனன் கிட்ட சொல்லிட்டேன். மெஷின் ரம்பம் எட்டு மணிக்கு வந்துடும்."

சின்னக்குழந்தை பையைக் கீழே வைத்தாள்.

தை மாதம். மரம் முழுக்கக் காய் பழுத்துத் தொங்கியது. அந்த மரம் அவளுடையது. நிலத்தை அவள் மாமனார் சடையன்தான் ராஜ்குமாரின் அப்பாவுக்கு விற்றார். விற்கும்போது, மரம் நீங்கலாக என்று சொல்லி விற்றார். மலையில் இது புதிதல்ல. நிலம் ஒருவருக்கும் அதில் நிற்கிற மரம் இன்னொருவருக்கும் இருக்கும். காய் உலுக்க வந்தால் நிலத்துக்காரன் வழிவிடுவான். ராஜ்குமாரின் அப்பா உயிரோடு இருந்தவரை வழிவிட்டார். அவளுடைய குடும்பத்துக்கு மாசி தொடங்கி நான்கு மாதம் அடுப்பு எரிவது அந்தப் புளியில்தான்.

"மரம் எங்களுதுங்க" என்றாள்.

"பேப்பர் கீதா?"

"வாய்ச்சொல்லுங்க. உங்க அப்பாவுக்குத் தெரியும்."

"அப்பா போய்ச் சேந்துட்டாரு. வாய்ச்சொல்லை வச்சிக்கினு நான் இன்னா பண்ண? பேப்பர் இருந்தா காட்டு."

அவளுக்காக யாரும் பேசவில்லை. ஆனால் மரத்துக்காகச் சிவசங்கர் பேசினான்.

"டேய், மரத்தை எடுத்துட்டா பட்டைக்கு நான் எங்க போவேன்? இந்த கோர்ஸ்ல இருக்குறதே ஒரு மரம்."

"நீ மாசத்துல ரெண்டு பட்டை எடுக்குறதுக்கு நான் பந்தைத் தொலைக்கணுமா?"

"பந்தயம் வை" என்றார் டாக்டர். முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார், இன்றைக்குச் சாப்பாடு எங்கே என்று கேட்கிற குரலில். "பாம்பு உங்கிட்ட வந்து முடிஞ்சா மரம் நிக்கட்டும். இல்லன்னா வெட்டிக்கோ."

சிவசங்கர் உடனே போனை எடுத்தான். "இரு, இரு, வீடியோ. மரம் தெரியற மாதிரி நில்லு. குரூப்புல போடறேன்."

அவர்களுடைய வேலூர் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பத்திரண்டு பேர். ராஜ்குமார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மரத்தின் முன்னால் போய் நின்றான். கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்த பழக்கம். "ராஜ்குமார் ஆகிய நான், இன்னைக்கு ஒன்பதாவது குழியில பாம்பு எங்கிட்ட இருந்தா, சின்னக்குழந்தையோட இந்தப் புளியமரத்தை என் ஆயுசுக்கும் தொட மாட்டேன்னு உறுதி சொல்றேன்."

"நாப்பது வயசுல சின்னக்குழந்தை" என்று டாக்டர் வீடியோவுக்குள் எட்டிப் பார்த்துச் சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள்.

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு குடும்பத்தின் நான்கு மாதச் சோறு, ஒரு ரப்பர் பாம்பின் வாலில் கட்டப்பட்டிருந்தது. கட்டியவர்கள் அதற்குள் மறந்தும் போயிருந்தார்கள். டாக்டர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது குழியில் பாம்பு சிவசங்கரின் கழுத்துக்குப் போனது. எட்டாவதில் டாக்டருக்கு மாறியது. ராஜ்குமார் அன்று கவனமாக ஆடினான். உருட்டுவதற்கு முன் ஒவ்வொரு குழியிலும் அவளைக் கேட்டான். அவளும் ஒவ்வொரு குழியிலும் உள்ளதைச் சொன்னாள். அவள் சொன்னபடியே அடித்து இரண்டு உருட்டில் முடித்தான். தன் மரத்தை வெட்டத் தானே வழி சொல்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஒன்பதாவது கிரீன் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது. வலப்பக்கம் மலை சரிந்து இறங்குவதால், தரையும் வலப்பக்கம் சரிவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அது இடப்பக்கம் சரியும். குழாயைத் திறந்தால் தண்ணீர் இடப்பக்கம்தான் ஓடும்.

சிவசங்கரும் டாக்டரும் இரண்டிரண்டு உருட்டில் முடித்தார்கள். ராஜ்குமாரின் முதல் உருட்டு குழிக்கு ஐந்தடி முன்னால் நின்றது. அடுத்தது உள்ளே போனால் பாம்பு டாக்டரிடமே இருக்கும். மரம் நாளைக்கு விழும். போகாவிட்டால் மூன்றாவது உருட்டு, பாம்பு இவனுக்கு, மரம் நிற்கும்.

"எந்தப் பக்கம் ஓடும்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மாற்றிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் தரை தரைதான். தினமும் கையால் தடவிப் பார்க்கிற தரையைப் பற்றி, இந்த ஆளுக்காகப் பொய் சொல்வதா? அந்த அளவுக்கு அவன் பெறுமானம் உள்ளவனாக அவளுக்குத் தெரியவில்லை.

"நாலு விரக்கடை வலப்பக்கம் தள்ளி அடிங்க. பந்து எடப்பக்கம் எறங்கும்."

ராஜ்குமார் தரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தூரத்தில் தெரிந்த புளியமரத்தைப் பார்த்தான். அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. எதையோ கண்டுபிடித்துவிட்டவனின் சிரிப்பு. அவள் இடத்தில் அவன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். உலகத்தில் எல்லோரும் தன்னைப் போலத்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

"ம்" என்றான். "வலப்பக்கம்."

குனிந்தான். இடப்பக்கம் நாலு விரல் தள்ளி அடித்தான்.

பந்து இடப்பக்கம் போய், இன்னும் இடப்பக்கம் இறங்கி, குழியை எட்டிக்கூடப் பார்க்காமல் போய் நின்றது.

டாக்டர் தன் கழுத்திலிருந்த பாம்பைக் கழற்றி ராஜ்குமாரின் தலைவழியாக மாட்டினார். ரொம்ப மரியாதையாக, மாலை போடுவதுபோல.

"இவ ஏமாத்திட்டா" என்றான் ராஜ்குமார்.

"வலதுன்னுதானே சொல்லிச்சு? நான் கேட்டேனே" என்றான் சிவசங்கர். அதே இடத்தில் ஒரு பந்தை வைத்து, நாலு விரக்கடை வலப்பக்கம் தள்ளி உருட்டினான். பந்து இடப்பக்கம் வளைந்து, குழிக்குள் டொக்கென்று விழுந்தது.

 பாம்பின் வால் ராஜ்குமாரின் தொப்பைமேல் ஆடியது.

"அப்போ ஒழுங்கா சொல்றதுக்கு இன்னா?" என்றான் அவளிடம்.

"சொன்னேங்க."

"சொல்ற மாதிரி சொல்லணும்."

 மூன்று வருஷமாகச் சொன்ன மாதிரிதான் அன்றும் சொன்னாள்.

"சரி விடு, வெளையாட்டுக்குச் சொன்னதுதானே" என்று ராஜ்குமார் கார்ப் பக்கம் திரும்பினான். "அர்ச்சுனனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"மச்சான், குரூப்ல முப்பத்தி எட்டு பேர் பாத்துட்டாங்க" என்றான் சிவசங்கர் போனைப் பார்த்தபடி. "'பாம்பு யாருக்கு'ன்னு கேட்டுக்கினே இருக்கானுங்க. மரத்தை வெட்டிட்டு அடுத்த வாரம் கிளப்புல எப்படி மூஞ்சியைக் காட்டுவ?"

ராஜ்குமார் நின்றான். செத்துப்போன தகப்பனின் வாக்குக்கு நிற்காதவன், கிளப்பு என்றதும் நின்றான். அப்படியே அர்ச்சுனனுக்குப் போன் போட்டான். "நாளைக்கு வேணாம்பா. இல்ல, அடுத்த வாரமும் வேணாம்." போனை வைத்துவிட்டுப் பாம்பைக் கழற்றிப் பைக்குள் திணித்தான்.

சின்னக்குழந்தைக்கு மனசு நிறைந்துவிடவில்லை. இப்படிப்பட்டவர்கள் கையிலிருந்து ஒன்றைத் திரும்ப வாங்கினால், கழுவித்தான் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். ஆனாலும் ஒரு வேலை பாக்கி இருந்தது.

கார்க் கதவைத் திறந்த சிவசங்கரின் பக்கத்தில் போய் நின்றாள். முந்தானையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தாள்.

"சார், அந்த வீடியோவ எனக்கும் அனுப்புங்க."

"உனக்கு எதுக்கு?"

"இவரு பேப்பர் கேட்டாருங்க" என்றாள் சின்னக்குழந்தை. "நம்பர் சொல்றேன், போட்டுக்குங்க."