மூன்றாம் ஓலை

சிவப்புப் பென்சிலை அப்பா கையில் எடுத்தபோதே காரியம் முடிந்துவிட்டது என்று கிளாடிஸுக்குத் தெரிந்துவிட்டது. காபித் தட்டோடு அவள் கதவோரம் நின்றிருந்தாள். ஆம்ப்ரோஸ் மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதம் மேஜையில் விரிந்து கிடந்தது. அப்பா அதை முழுக்கப் படிக்கக்கூட இல்லை. முதல் வரியிலேயே பென்சில் இறங்கிவிட்டது. சாந்தோமில் அப்பாவிடம், பிரகாசம் மாஸ்டரிடம் காட்டாமல் யாரும் இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் போட்டதில்லை. தப்பான இங்கிலீஷ் கண்ணில் பட்டால் அவர் கை சும்மா இருக்காது. அம்மா செத்தபோது அச்சான துக்கக் கார்டில் ஒரு கமா பிசகியிருந்தது என்று ஐம்பது கார்டையும் உட்கார்ந்து மையால் திருத்தினவர். அடக்கத்துக்குப் பெட்டி வந்து வாசலில் காத்திருந்தது.

கிளாடிஸுக்கும் ஆம்ப்ரோஸ் மாமாவின் மகன் விக்டருக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோவிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசை நடுவில் சாமியார் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மூன்றாவது ஓலை நாளைக் காலையில். அதற்குள் பெங்களூரில் மிலிட்டரி ஸ்டோரில் இருந்த விக்டருக்கு வேலை உயர்ந்து, அங்கே ஒரு கன்ட்ராக்டர் தன் மகளைக் கொடுக்கிறேன் என்று வந்து நின்றார். ஆம்ப்ரோஸ் மாமா இதை மறைக்கவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"யுத்த காலம் மாஸ்டர். பையனுக்கு ஒரு வழி தெறக்குது, அப்பன்காரன் குறுக்க நிக்க முடியுமா? ஆனா நாங்க எழுதிக் குடுத்தா சாமியார் காரணம் கேப்பாரு. இன்னான்னு எழுதறது? ஒங்க சம்சாரம் எப்டித் தவறிச்சுன்னு எனக்குத் தெரியும். ரத்தமா கக்கிச்சே, ஷயரோகம். அத்த எழுதினா கிளாடிஸோட போவாது. சின்னது ஐரினை எவன் கட்டுவான்? நீங்களா வேணாம்னு எழுதிட்டீங்கன்னா மரியாதை ஒங்க பக்கம் கீது. நானே ஒண்ணு எழுதியாந்துகீறேன். நம்மளுது ஹார்பர் ஆபீஸ் இங்கிலீஷ். பாத்து சரி பண்ணுங்க."

அப்பா எழுந்து கத்துவார், காகிதத்தைக் கிழித்து அந்த ஆளின் முகத்தில் எறிவார் என்று கிளாடிஸ் காத்திருந்தாள். அப்பா கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"ரிட்ரீட்னு எழுதியிருக்கியே, ஆம்ப்ரோஸ்."

"அதான மாஸ்டர் பின்வாங்கறது?"

"தோத்துப்போய் பின்னால போறது. பர்மாவுலேருந்து பட்டாளம் ஓடி வந்துச்சே, அது. நாங்க யாருகிட்டத் தோத்தோம்?"

"அப்போ ரிடையர்னு போட்டுக்கலாமா?"

"பென்ஷன்காரன் ரிடையர் ஆவான். தொரை சாப்ட்டுட்டு படுக்கப் போனா ரிடையர். கல்யாணத்துலேருந்து எப்படி ரிடையர் ஆறது?" அப்பாவின் குரலில் வகுப்பு ஏறிவிட்டிருந்தது. "ரிஸீட் இருக்கு, அது கடல் தண்ணி உள்வாங்கறதுக்கு. பேக் அவுட் மாட்டுச் சந்தைப் பேச்சு. ரீகாயில்னு ஒண்ணு இருக்கு. பாம்பப் பாத்து துள்ளி வெலகறது. உன் வீட்டுக்காரங்க எங்களப் பாத்து பண்றாங்களே, அது. ஆனா அத எழுத முடியாது."

இப்போது வெடிக்கும் என்று கிளாடிஸ் நினைத்தாள். அப்பா சிரித்தார். தன் வாயிலிருந்து வந்தது தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். ஆம்ப்ரோஸ் மாமாவும் தொடையில் தட்டிச் சிரித்தார். "மாஸ்டர் மாஸ்டர்தான்!"

"வித்ட்ரா," என்றார் அப்பா, மெதுவாக, ஒரு பண்டத்தைச் சுவைத்துப் பார்ப்பதுபோல. "நீட்டின கைய நாமளா, நிதானமா, திருப்பி எடுத்துக்கறது. யாரும் தட்டிவிடல. கோர்ட்டுல கேஸ வித்ட்ரா பண்றான், ராஜா தூதன வித்ட்ரா பண்றார். அதுல அவமானம் இல்ல."

விக்டர் பெங்களூரிலிருந்து இங்கிலீஷில் இரண்டு கடிதம் எழுதியிருந்தான். இரண்டிலும் வரிக்கு இரண்டு தப்பு. கிளாடிஸ் அவற்றை அப்பாவுக்குக் காட்டியதே இல்லை. காட்டினால் திருத்திவிடுவார் என்ற பயம்தான். அந்தத் தப்புகளோடு அவளுக்கு அவை மனப்பாடம். 'இங்கே குளிர். உன் கை எப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்' என்ற இடத்தில் கை என்ற சொல்லையே அவன் தப்பாக எழுதி, அடித்து, மறுபடியும் தப்பாக எழுதியிருந்தான். மூன்றாவது கடிதம் வரவில்லை. மூன்று வாரமாகத் தபால்காரர் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அப்பா அடுக்கிய சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அந்த மூன்று வாரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. ஒரு ஆள் ஒன்றுமே சொல்லாமல், இருந்த இடத்திலிருந்தே இல்லாமல் போவதற்கு இங்கிலீஷ்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்க மாட்டார்களா? அப்பாவிடம் கேட்டால் தெரிந்திருக்கும்.

"கிளாடிஸ், வா இங்க. உன் கையெழுத்துல ஒரு நல்ல காப்பி எடு."

"நான் எழுத மாட்டேம்பா."

வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பதுபோல அப்பா அவளைப் பார்த்தார். பிறகு கண்ணால் பக்கத்து அறையைக் காட்டினார். கதவுக்குப் பின்னால் ஐரினின் கண்ணாடி வளையல்கள் ஒருமுறை உரசி அடங்கின. பதினாறு வயசுப் பெண், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

கிளாடிஸ் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "திருப்பி எடுத்துக்கறோம்னு எழுதறீங்களே. நாம என்னத்தப்பா குடுத்தோம்?"

"உன்னத்தான்," என்றார் அப்பா. "வரிக்கு வரி எடம் விட்டு எழுது. சாமியாருக்குப் பார்வை கொறச்சல்."

அவள் எழுதினாள். அந்தச் சொல் வந்தபோது பேனா நின்றது. மையை மட்டும் கொட்டிவிட்டாலும் போதும், இன்னொரு நாள் கிடைக்கும். வளையல் சத்தம் மறுபடி கேட்டது. எழுதி முடித்தாள். ஆம்ப்ரோஸ் மாமா தாளை வாங்கி ஈரம் காய ஆட்டினார்.

"முத்து முத்தா கீது மாஸ்டர். மருமவ எழுத்துன்னு ஆபீஸ்ல காட்டிக்கினு திரியலாம்னு இருந்தேன், குடுத்து வெக்கல." காபியை ஒரு வாய் குடித்தார். "சக்கர பத்தலியேம்மா."

ரேஷன் சர்க்கரை டப்பாவில் அரைக் கரண்டி இருந்தது. அவள் அதைக் கொண்டுவந்து போட்டாள். கலக்கியும் கொடுத்தாள்.

மறுநாள் பூசைக்கு வரவில்லை என்றாள். "வரலன்னா ஓடி ஒளிஞ்ச மாதிரி. அப்பறம் நேத்து எழுதினதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் அப்பா. பெண்கள் பக்கம் தரையில் ஐரின் அவளுக்கு இடப்புறம் உட்கார்ந்தாள். வலப்புறம் எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸ். முதல் ஓலையன்று கிளாடிஸின் தொடையைக் கிள்ளி, "இன்னாடி, மொகம் இப்பவே செவந்துகினு கீது," என்று சிரித்தவள். சாமியார் இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிளாடிஸின் பெயரையும் விக்டரின் பெயரையும் சொல்லி, பெண் வீட்டார் மாப்பிள்ளையை மறுத்துவிட்டபடியால் இந்த ஓலை நிறுத்தப்படுகிறது என்றார்.

தலைகள் திரும்பின. அவற்றோடு ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பாவும் திரும்பினார். கோவிலில் பின்னால் திரும்பிப் பார்ப்பது மகா பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். தன்னைத் தேடுகிறார் என்று நினைத்து கிளாடிஸ் தலையைத் தூக்கினாள். அவர் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. பின்னாலிருந்த சங்கீத மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற ரகசியத்தில், "மறுக்கல, மறுக்கல. அது வேற வார்த்தை. சாமியாருக்கு இங்கிலீஷ் பத்தாது," என்றார்.

"இவ வேணாம்னாளாமே, அந்தத் தங்கமான பையன!" என்று பின்னால் ஒரு குரல்.

"வேற எவனாவது கீறானோ இன்னாவோ."

"மூஞ்சப் பாத்தா தெரில? கல்லு மாதிரி குந்திகினு கீறா பாரு."

ஃப்ளோரன்ஸ் முந்தானையை இழுத்து மடியில் செருகிக்கொண்டு, சும்மா கால் மாற்றி உட்காருபவள்போல் இரண்டு சாண் நகர்ந்தாள். கிளாடிஸுக்கு அது எதிர்பார்த்ததுதான். அவள் இடப்புறம் திரும்பி, தங்கையின் கையைத் தேடித் தன் கையைத் தரையில் ஊன்றினாள்.

மணி அடித்தது. எல்லோரும் முழங்காலிட்டார்கள். அந்தச் சலசலப்பில் ஐரினும் எழுந்து, தாவணியை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முன்பிருந்த இடத்தில் அல்லாமல் சற்று அப்பால், முன் வரிசைப் பெண்களின் ஓரமாக முழங்காலிட்டாள். கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். உதடுகள் வேகவேகமாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தன. அவள் தலையிலிருந்து நழுவிய கொண்டை ஊசி ஒன்று இருவருக்கும் நடுவே வெறும் தரையில் விழுந்து, மெல்லச் சுற்றி நின்றது. ஜன்னல் வெயில் அதன் மேல் விழுந்து கொஞ்ச நேரம் மின்னியது. கையை நீட்டினால் எட்டும் தூரம்தான்.