பன்னிரண்டரை மணி ஃபோன்

பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களையும் கையமர்த்திவிட்டு ராணி ஃபோனை எடுத்தாள். மணி பன்னிரண்டரை. மாலத்தீவில் கணக்கு டீச்சராக இருக்கும் நாத்தனார் வெண்ணிலா, பள்ளி இடைவேளையில் தினமும் கூப்பிடும் நேரம்.

மாமனார் சின்னன் விடியற்காலையில்தான் கண்ணை மூடினார். மூடுமுன் மகன் அண்ணாதுரையிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வெண்ணிலா பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிய நான்கு நாள் இருக்கிறது. அதுவரை அவளிடம் சொல்லக்கூடாது. சொன்னால் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவாள். கிளம்பினாலும் அந்தத் தீவிலிருந்து இந்த மலையூர் மஞ்சக்குட்டைக்கு வந்து சேர இரண்டு நாளாகும். அண்ணாதுரை வாயைத் திறந்தாலே அழுதுவிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவன் பெண்டாட்டி ராணிதான் லாயக்கு என்று ஊரே ஒப்புக்கொண்டது. அவளுக்கும் அதில் சந்தேகமில்லை.

தப்பட்டை நின்றது. அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ நாயைக்கூடக் காபித் தோட்டத்துக்குள் இழுத்துப் போனார்கள்.

மாமா கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்றாள் ராணி. குரலில் பிசிறில்லை. இருமல் குறைந்துவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"ஏனுங்க அண்ணி, ஊட்டுல ஒரு சத்தமும் காணோம்?"

"எல்லாரும் தோட்டத்துக்குப் போயிட்டாங்க கண்ணு."

"பன்னண்டு வருசமா கிளாஸ் எடுக்கறேனுங்க. பிள்ளைங்க மூச்சு விடாம உக்காந்திருந்தா, என்னமோ நடந்துருக்குதுன்னு அர்த்தம்." அடுத்து நேராகவே கேட்டாள். "அப்பா எப்பப் போனாரு?"

ராணியின் கெட்டிக்காரத்தனமெல்லாம் அதோடு சரி. அழுகையோடு அழுகையாகச் சத்தியத்தையும் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கமும் அழுகைதான். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தது டீச்சரின் குரல்.

"எனக்காக வெச்சிருக்க வேண்டாமுங்க. நேரத்துக்கு எடுங்க. அப்பா சொன்னபடி பரீட்சைய முடிச்சுட்டே வர்றேன். இப்ப மூஞ்சியக் காட்டுங்க. கொட்டடிக்கச் சொல்லுங்க, நானும் கேக்கறேன்."

தப்பட்டை மறுபடி முழங்கியது. ராணி வீடியோவைப் போட்டு, மாமனார் முகத்துக்கு நேரே ஃபோனை ஆடாமல் பிடித்தாள். வலது கையால் முறத்திலிருந்து வாய்க்கரிசி அள்ளிப் போட்டாள். போட்டவள் நகரவில்லை, மறுபடி முறத்துக்குள் கையை விட்டாள். ஒருவருக்கு ஒரு தடவைதான் என்றார் முறையெல்லாம் தெரிந்த பெரியசாமி.

"இது வெண்ணிலாவுதுங்க."

பெரியசாமி தள்ளி நின்றுகொண்டார். ராணி நிதானமாக அள்ளினாள். அந்தப் பிடி முன்னதைவிடப் பெரிதாக இருந்தது.