படகை இழுத்த அரசாங்க வண்டி

தேர்தல் சுவரொட்டிகள் இன்னும் வெயிலில் வெளுக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் வினெல் கில்லட்டுக்கு இது மூன்றாவது தலைவலி. பிரதமர் தன் மச்சானை ஒரு வாரியத்துக்குத் தலைவராக்கினார், அதைச் சமாளித்தாள். கல்வி அமைச்சர் பள்ளிக்கூடங்களுக்குக் கட்சி நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொன்னார். அதையும் ஒருவழியாக மழுப்பினாள். இப்போது படகு.

ஞாயிற்றுக்கிழமை கொரொசால் கடற்கரையில் யாரோ எடுத்த படம் அது. பழைய ஆட்சி வாங்கிக் குவித்த கறுப்பு நிறச் சொகுசு வண்டிகளில் ஒன்று, பின்னால் ஒரு படகை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வண்டிகளையெல்லாம் ஏலம் விட்டு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவோம் என்று மேடைக்கு மேடை சொல்லித்தான் இவர்கள் ஜெயித்திருந்தார்கள். படம் திங்கட்கிழமை காலைக்குள் பெலிஸ் நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. அரசின் செய்தித் தொடர்பாளர் என்ற முறையில் வினெல்தான் பதில் சொல்லியாக வேண்டும். அமைச்சர் அனிசெட்டோ நோவேலோவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மினிஸ்டர், அந்த வண்டி உங்களோடதா?"

"எந்த வண்டி?"

"படகை இழுத்துட்டுப் போச்சே, அது."

"படகுதான் என்னோடது. வண்டி அரசாங்கத்தோடது."

"அதைத்தான் மினிஸ்டர் ஊரே சொல்லுது."

"விக்கப்போற வண்டிதானே. இழுவை எப்படி இருக்குன்னு பாத்தேன். வாங்கறவன் கேப்பான் இல்ல? அப்படியே எழுதிக் குடுத்துடு."

"படகுக்குள்ள நாலு பேர் பீர் குடிச்சிட்டு உக்காந்திருக்காங்க."

"பாரம் ஏத்தினாத்தானே இழுவை தெரியும்."

வினெல் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தாள். பிரதமரிடம் போனால் அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரேடியோவுக்குப் போய் அவர் சொன்னதையே சொல்லிட்டு வா. உன் பழைய இடம்தானே. உன்னைக் கடிச்சா தின்னுடப்போறாங்க?"

அந்த இடத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. பல வருஷம் காலை நிகழ்ச்சியை ரான்ஸ்ஃபர்டோடு சேர்ந்து நடத்தியவள் அவள். பழைய அமைச்சர்கள் அவள் குரலைக் கேட்டாலே ரேடியோவை அணைப்பார்கள் என்று சொல்வார்கள். இந்த அரசாவது உருப்படியாக ஏதாவது செய்யும், உள்ளேயிருந்து கொஞ்சம் உதவலாம் என்று நம்பித்தான் வேலையை மாற்றிக்கொண்டாள்.

ரான்ஸ்ஃபர்ட் அவளை விருந்தாளி நாற்காலியில் உட்காரவைத்தான். அவள் நாற்காலியில் இப்போது வேறொரு பையன்.

"மேடம், போன ஆட்சியிலயும் ஒரு மந்திரி அரசாங்க வண்டியில குடும்பத்தோட சுத்தினார். அப்போ இதே மைக்ல நீ அதுக்கு ஒரு பேர் வச்ச. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"என்ன பேர்?"

"திருட்டு."

"இப்ப அதுக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?"

இழுவைச் சோதனை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு அழைப்பு வந்தது. வயதான பெண் குரல்.

"நான் அனிசெட்டோவோட அம்மா எர்லிந்தா பேசறேன். என் பிள்ளையை ஏம்பா இப்படிப் போட்டு வறுக்கறீங்க? அந்த வண்டியால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? காலையில பேத்தியை ஸ்கூல்ல விடுது. என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகுது. என்னைக்கோ ஒருநாள் படகை இழுத்துச்சு. அதுக்கா இந்தக் கூப்பாடு?"

ரான்ஸ்ஃபர்ட் குரலை ரொம்பவும் மென்மையாக்கிக்கொண்டான். "அப்ப தினமும் உங்க வீட்லதான் நிக்குதாம்மா?"

"இந்த ஒண்ணுதான்பா நிக்குது. இன்னொண்ணு சின்னவன்கிட்ட இருக்கு."

இன்னொன்று இருப்பது அதுவரை வினெலுக்கே தெரியாது. ரான்ஸ்ஃபர்ட் அவளையே பார்த்தான். எரிச்சல் அவள் உச்சந்தலை வரை ஏறியது. அமைச்சர் மேல், பிரதமர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கும் தன் மேல்.

"அது தப்பு," என்றாள் மைக்கில். "ரெண்டு வண்டியும் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள திரும்பி வரும்."

வெளியே வந்து காரில் ஏறுவதற்குள் பிரதமர் கூப்பிட்டுவிட்டார். "யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"வடக்குல அவன் இல்லாம நமக்கு ஒரு சீட்டு தேறாது, தெரியுமில்ல?"

"அவங்கம்மா பேசினதை வடக்குலயும் கேட்டிருப்பாங்க, சார்."

"சொன்னவளே போய் வாங்கிட்டு வா," என்று வைத்துவிட்டார்.

அரசுப் பணிமனையிலிருந்து இரண்டு ஓட்டுநர்களை ஏற்றிக்கொண்டு கொரொசால் போய்ச் சேர்ந்தாள். அமைச்சர் வீட்டில் இல்லை. எர்லிந்தா அம்மாள்தான் கதவைத் திறந்தாள்.

"நீதானா அந்தப் பொண்ணு? உன் குரல் இல்லாம இப்பல்லாம் காலையே விடிஞ்ச மாதிரி இல்ல. சாவிதானே வேணும், தரேன். முதல்ல சாப்பிடு."

மூன்று பேருக்கும் வெங்காயம் மிதக்கும் கோழிச்சாறும் சுடச்சுடச் சோள ரொட்டியும் வந்தன. சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அம்மாள் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் போன் பண்ணினது அவனுக்கு உதவிதானே?"

"நீங்க உண்மையைச் சொன்னீங்கம்மா."

அம்மாள் ரொட்டிக்கூடையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "அப்ப உதவி இல்ல," என்றாள்.

இரண்டாவது வண்டியைக் கேட்டபோதுதான் அது எல்லை தாண்டிப் போயிருப்பது தெரிந்தது. தம்பிக்காரர் அதை எடுத்துக்கொண்டு மெக்சிகோவிலுள்ள செட்டுமாலுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். வினெலுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கடலைப் பார்த்த வராந்தாவில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வெயில் இறங்கிய பிறகு வண்டி வந்தது. உள்ளே ஒரு சலவை இயந்திரம், டயர்கள், மூட்டை மூட்டையாகத் துணி. தம்பிக்காரர் யாரையும் பார்க்காமல் ஒவ்வொன்றாக இறக்கினார். ஓட்டுநர்கள் பொறுக்கமாட்டாமல் ஒரு கை கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து அமைச்சரும் வந்து சேர்ந்தார்.

"உனக்கு யார் சம்பளம் குடுக்கறாங்கன்னு நெனப்பிருக்கா?" என்றார்.

"இந்த வண்டிக்கு யார் பெட்ரோல் போடறாங்களோ, அவங்கதான் மினிஸ்டர்."

அவர் உள்ளே போய்விட்டார். அவருடைய பதவிக்கு ஒரு குறையும் வராது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

திரும்பும்போது வினெல் தன் காரை அங்கேயே விட்டுவிட்டு, முதல் கறுப்பு வண்டியில் ஓட்டுநர் யூசெபியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொரு முறை தானே ஓட்டிக்கொண்டு போக உடம்பில் தெம்பில்லை. ரேடியோவில் இரவுச் செய்தி ஓடியது. பிரதமரின் கண்டிப்பான உத்தரவின் பேரில் இரண்டு வாகனங்களும் உடனடியாக மீட்கப்பட்டன. இந்த அரசு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளாது என்று பிரதமர் தெரிவித்தார்.

யூசெபியோ விசில் அடித்தார். "நம்ம பாடுபட்டு வண்டியை எடுத்துட்டு வரோம், பேரு அவருக்கா? எந்த மகராசன் மேடம் இதை எழுதினான்?"

"நான்தான்," என்றாள் வினெல். "அந்த வராந்தாவுல உக்காந்து எழுதினேன்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையை நீட்டி ரேடியோவை அணைத்தாள்.